புருவத்தில் ஒரு விரல்

ஓசூரில் யார் பேச்சையும் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை என்பதைக் கண்டுபிடித்துச் சொல்லப் பெங்களூரிலிருந்து ஒருத்தி வரவேண்டியிருந்தது. அவள் பெயர் பிரியதர்ஷினி. நல்ல பெண்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். நாடகம் படித்தவள். சிப்காட்டைச் சுற்றியிருக்கும் லைன் வீடுகளில் ஷிப்டு முடிந்து வருகிற பெண்கள் சோறு பொங்கித் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார்கள், அவர்களிடம் சொல்வதற்கு எவ்வளவோ இருக்கிறது, அதைப் போய்க் கேட்டு, நாடகமாக்கி, அவர்கள் முன்னாலேயே நடித்துக் காட்டவேண்டும் என்று கிளம்பி வந்தாள். குழுவுக்குச் ‘செவிமடு’ என்று பெயர் வைத்தாள். லைன் வீட்டுக்காரர்கள் அதைச் சொல்லிப் பார்த்து, வாயில் நுழையாமல், ‘காது பார்ட்டி’ என்று மாற்றிக்கொண்டார்கள்.

அந்தக் காது பார்ட்டியில் சம்பளமில்லாமல் சேர்ந்த உள்ளூர்ப் பெண்களில் ஒருத்தி தில்ஷாத். அதற்கு முன்னால் அவளைப் பற்றிச் சொல்ல யாரிடமும் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. சிங்காரப்பேட்டைக்காரி. அவளைப் பெற்ற அத்தா மொபெட்டில் துணி மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராய் லுங்கியும் நைட்டியும் விற்றவர். பிளஸ் டூ முடித்த கையோடு ஓசூருக்கு பஸ் ஏறி, வண்டிப் பாகங்கள் அடிக்கிற ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தாள். பசுமைக்குடில்களில் ரோஜா வாங்கிப் பெங்களூர் மார்க்கெட்டுக்கு அனுப்புகிற நூர் முகமதுவைக் கட்டிக்கொண்டாள். ரிஹான் பிறந்து, ஸோயாவும் பிறந்தபிறகு பிரஸ் ஷாப்பை விட்டு நின்றாள். இப்போது காலையில் புருஷனின் ஷெட்டில் உட்கார்ந்து ரோஜாவைத் தண்டு நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டுகிறாள். தப்பாகக் கட்டினால் திட்டு விழும். சரியாகக் கட்டினால் அடுத்த கட்டு வரும். பிரஸ் ஷாப்பிலும் அப்படித்தான், மாமியார் வீட்டிலும் அப்படித்தான். நன்றாகச் செய்தாய் என்று ஒரு மனுசரும் அவளிடம் சொன்னதில்லை, அவளும் அதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

பிரஸ் ஷாப்பைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். அங்கே வாயால் பேசிப் பயனில்லை. தகட்டின் மேல் டை என்கிற இரும்பு அச்சு இறங்குகிற சத்தத்தில், பக்கத்து மெஷின்காரி தொண்டை கிழியக் கத்தினாலும் உதடு அசைவதுதான் தெரியும். அதனால் பெண்கள் கையால் பேசிக்கொண்டார்கள். டீ வந்துவிட்டது என்பதற்கு ஒரு கை, சூப்பர்வைசர் வருகிறான் என்பதற்கு ஒரு கை, வயிறு வலிக்கிறது, பாத்ரூம் போய் வரும்வரை மெஷினைப் பார்த்துக்கொள் என்பதற்கு ஒரு கை. ஆளுக்கொரு கைப்பெயரும் உண்டு. தொப்பைக்காரச் சூப்பர்வைசருக்கு வயிற்றில் ஒரு தட்டு. நீளப் பின்னலைத் தொப்பிக்குள் அடக்கப் படாதபாடு படுகிற நிர்மலாவுக்கு, பிடரியில் முடியைச் சுருட்டித் திணிக்கிற பாவனை. லைன் லீடர் மாதேஸ்வரிக்குச் சின்ன வயதில் மாடு முட்டி இடது புருவம் இரண்டாகப் பிளந்து, நடுவில் முடி முளைக்காமல் போயிருந்தது. சுண்டுவிரலால் இடது புருவத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் மாதேஸ்வரி. யார் வைத்த பெயர் என்று யாருக்கும் தெரியாது, வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆபீஸ் ரூமில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு பேச்சு கீழே நடக்கிறது என்பதே தெரியாது.

செவிமடுவில் கேட்பதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். பேப்பர் பேனா கூடாது. போனில் பதிவு செய்யக் கூடாது. எதிரில் உட்கார்ந்து, நடுவில் உச்சுக்கொட்டாமல், ஐயோ பாவம் சொல்லாமல் கேட்கவேண்டும். கேட்டு முடித்ததும், சொன்னவளிடமே அந்தக் கதையை ‘நான்’ என்று ஆரம்பித்துத் திருப்பிச் சொல்லவேண்டும். அவள் நடுவில் நிறுத்தி, அப்படியில்லை இப்படி என்று திருத்துவாள். மறுபடி முதலிலிருந்து சொல்லவேண்டும். ‘ம், இதான்’ என்று அவள் வாயிலிருந்து வந்தபிறகுதான் கதை குழுவுக்கு வரும். மேடைக்குப் போவதற்குள் பெயர், ஊர், தொழில் மூன்றும் மாறிவிடவேண்டும். கடைசி ஒத்திகையைக் கதைக்காரி வந்து பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும். வேண்டாம் என்றால் நாடகம் இல்லை.

நல்ல முறை. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதில் தில்ஷாத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சீக்கிரமே தெரிந்துபோனது. தெலுங்கில் ஆரம்பித்துக் கன்னடத்தில் போய்த் தமிழில் முடிகிற பேச்சையும் அவள் ஒரு இழை பிசகாமல் வாங்கிக்கொள்வாள். திருப்பிச் சொல்லும்போது சொன்னவளின் இழுப்பும் இருமலும்கூட வந்துவிடும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, செத்துப்போன மகளைப் பற்றித் தான் சொன்னதைத் தில்ஷாத் வாயால் கேட்டுவிட்டு, இவ்வளவு நாள் எனக்கே தெரியலையே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்குப் பிரியதர்ஷினி, நீங்க ஒரு ஆர்ட்டிஸ்ட் தில்ஷாத், இதை எங்கே கத்துக்கிட்டீங்க என்று கேட்டாள். தில்ஷாத் வீட்டுக்கு வந்து புருஷனிடம் அதைச் சொன்னாள். நூர் முகமது ரோஜாப் பெட்டி கட்டிக்கொண்டே, சரி, அந்த ரப்பர் பேண்டை எடு என்றான்.

ஆனால் அந்தச் சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வயசான காலத்தில் முதல்முதலாக இனிப்பு தின்றவள் மாதிரி ஆகிவிட்டாள். ரோஜாவைக் கட்டும்போது, பஸ்ஸில் போகும்போது, ஸோயாவுக்குத் தலை சீவும்போது, அடுத்த கதையை எப்படிச் சொல்லலாம் என்று ஓடிக்கொண்டேயிருக்கும். பாராட்டின் ருசி பொல்லாதது. அது கிடைக்காதவரை ஒன்றுமில்லை, கிடைத்துவிட்டால் விடாது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதேஸ்வரி அவள் வீட்டுக்கு வந்தாள். வேலையை விட்டபிறகும் இரண்டு பேருக்கும் பழக்கம் விட்டுப்போகவில்லை, கடையில் தெருவில் பார்த்தால் நின்று பேசுவார்கள். ஆனால் வீடு தேடி வந்தது அதுதான் முதல் தடவை. கையில் காலித் தூக்குப் பாத்திரம். நிர்மலா வீட்டில் குழம்பு கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாள்.

நிர்மலாவின் கதை பிரஸ் ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். தில்ஷாத் நின்ற அடுத்த வருசம் நடந்தது. அந்த மெஷினில் இரண்டு பட்டன், ஒன்றுக்கொன்று எட்டி இருக்கும். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் டை இறங்கும், அப்போது கை உள்ளே இருக்க வழியில்லை. அதில் ஒரு பட்டனைத் துணி வைத்து அழுத்திக் கட்டிவிட்டால் ஒரு கையிலேயே வேலை ஓடும், உருப்படியும் கூடும். நிர்மலா ஆசைப்பட்டுத் தானே பட்டனைக் கட்டிக்கொண்டாள், வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது என்று விசாரணையில் முடித்துவிட்டார்கள். தப்பு அவள் பேரில் என்று ஆனதால் வர வேண்டியதும் சரியாக வரவில்லை, வேலையும் இல்லை. நான் கட்டவில்லை, டீ குடித்துவிட்டு வந்து உட்காரும்போதே கட்டியிருந்தது என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. மாதேஸ்வரி மட்டும் ஞாயிறு தவறாமல் குழம்பு எடுத்துக்கொண்டு போவாள். விரல் போன கையால் நீள முடியைப் பின்ன முடியாத நிர்மலாவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டு வருவாள். அவளை எல்லோரும் தங்கமான மனசு என்றார்கள்.

மாதேஸ்வரி தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு, “எங்கிட்டயும் ஒண்ணு இருக்குது தில்சா. உங்க பார்ட்டில கேக்கறாப்பல கேப்பியா?” என்றாள்.

பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் சொன்னாள். பட்டனைக் கட்டியது அவள்தான். உருப்படிக் கவுண்ட் இறங்குகிறது, மாலைக்குள் ஏற்றிக் காட்டு என்று சூப்பர்வைசர் சொன்னான், நிர்மலா டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் துணியைச் சுருட்டி வைத்துத் தன் கையாலேயே இறுக்கிக் கட்டினாள். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று அடுத்த மெஷினுக்குப் போனாள். சொல்வதற்குள் நிர்மலாவின் மெஷின் சத்தம் நின்றது. விசாரணையில் சூப்பர்வைசர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். நிர்மலாதான் கட்டினாள், முன்னேயும் கட்டி நான் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். உள்ளே அவள் என்ன சொன்னாள் என்பது நிர்மலாவுக்குத் தெரியாது.

தில்ஷாத் உச்சுக்கொட்டவில்லை. முழுக்கக் கேட்டாள். முறைப்படி, ‘நான்’ என்று ஆரம்பித்துத் திருப்பிச் சொன்னாள். மாதேஸ்வரி ஒரே இடத்தில்தான் திருத்தினாள். பயந்துபோய்ச் சொன்னேன் என்று தில்ஷாத் சொன்னபோது, பயம் இல்லை, வேலை போய்விடும் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னேன், அதையும் அப்படியே சொல் என்றாள். தில்ஷாத் மறுபடி சொன்னாள். முடிந்ததும் மாதேஸ்வரி தலையாட்டினாள்.

“இதான். உன் வாயில கேட்டன் பாரு, அப்பத்தான் இது எவ்ளோ பெருசுன்னே தெரியுது,” என்றாள். “நிர்மலாகிட்ட நாந்தான் சொல்லணும். போறப்பல்லாம் இன்னிக்குச் சொல்லிடலாம்னு போறன், வாய் வரல. இன்னிக்கு உங்கிட்ட சொல்லிப் பாத்தன், வாய் வந்துருச்சு. அவகிட்டயும் சொல்லிடுவன்.”

நாடகமாகப் போடலாமா என்று தில்ஷாத் கேட்டாள். இந்த இடத்தில் அவளைத் திட்ட முடியாது, கேட்கத்தானே அந்தக் குழு. மாதேஸ்வரி யோசித்துவிட்டு, போடு, எங்கள் ஷாப் என்று தெரியக்கூடாது, நான் என்று தெரியவே கூடாது என்றாள். நிர்மலாவிடம் நான் சொல்லும் முன்னால் வேறு எவர் வாயிலிருந்தும் போய்விடக்கூடாது, அது ஒன்றுதான் என்றும் சொன்னாள். தில்ஷாத் அல்லா மேல் ஆணையாகச் சொல்கிறேன் என்றாள்.

குழுவில் கதையை மாற்றினார்கள். பிரஸ் ஷாப் கிருஷ்ணகிரி பக்கத்துக் கிரானைட் பட்டறை ஆனது. விரல் கால் ஆனது. லைன் லீடர் மேஸ்திரி ஆனாள். பார்த்தால் ஒரு பயலுக்கும் ஒன்றும் தெரியாது, அவ்வளவு பத்திரம். ஒத்திகையில் அது பத்திரமாகவே செத்துக் கிடந்தது. பிரியதர்ஷினி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் சரி, உயிர்தான் இல்லை, உங்கள் உடம்பிலிருந்து ஏதாவது வரட்டும் தில்ஷாத் என்றாள்.

தில்ஷாத்தின் உடம்பிலிருந்து வந்தது பிரஸ் ஷாப்பின் கைப்பேச்சு. பட்டறையிலும் சத்தம்தானே, அங்கேயும் கையால்தானே பேசியாகவேண்டும் என்று நினைத்தாள். வசனத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுக் கையாலேயே அந்தக் காட்சியைச் செய்து காட்டினாள். டீ வந்துவிட்டது, அவன் வருகிறான், பார்த்துக்கொள். பார்த்தவர்களுக்கு மூச்சு நின்றுவிட்டது. பிரியதர்ஷினி எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். கைப்பெயர்களை மட்டும் மாற்றவேண்டும் என்ற எண்ணம் தில்ஷாத்துக்கு இருந்தது, மாற்றினாள். மேஸ்திரிக்குத் தோளில் துண்டைப் போடுகிற பாவனை. அது போதும் என்று நினைத்தாள்.

கடைசி ஒத்திகைக்கு மாதேஸ்வரியைக் கூப்பிடவேண்டும். பிரியதர்ஷினி இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாள். அவர்களுக்கு ஷிப்டு, நான் நேரில் போய்ச் சொல்லிச் சரி வாங்கிவிட்டேன் என்றாள் தில்ஷாத். போய்ச் சொன்னது உண்மைதான். பட்டறை, கால், மேஸ்திரி எல்லாம் சொன்னாள். கைப்பேச்சைச் சொல்லவில்லை. அதை மாதேஸ்வரி மேடையில் முதல்முறையாகப் பார்த்து அசந்துபோகவேண்டும் என்று ஆசை. யாருடைய கதையோ அவளையே அசத்துவதற்கு ஆசைப்பட்டபோதே தில்ஷாத் கேட்பதை நிறுத்திவிட்டாள். அது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

நாடகம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிறு மாலை நடந்தது. நன்கொடை கொடுத்த கம்பெனியின் பேனர் மேடையின் பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. லைன் வீட்டுப் பெண்களை பஸ் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பின்வரிசையில் ஒரு கூட்டம் நீலக் கோட்டோடு வந்து உட்கார்ந்தது. ஓவர்டைம் முடித்து நேரே வந்த பிரஸ் ஷாப் பெண்கள். தில்ஷாத் மேடையிலிருந்து அவர்களை அடையாளம் கண்டுகொண்டாள்.

கைப்பேச்சுக் காட்சி வந்தது. மண்டபம் அமைதியாகிவிட்டது. டீ வந்துவிட்டது என்று தில்ஷாத் கை காட்டினாள். பின்வரிசையில் ஒருத்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே, எனக்கும் ஒன்று என்று கையால் பதில் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்கள் தோளை இடித்துக்கொண்டு சிரித்தார்கள். தில்ஷாத்துக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. இத்தனை வருசத்தில் அவளை இப்படி ஒரு கூட்டம் புரிந்துகொண்டதில்லை. அவன் வருகிறான் என்று காட்டியபோது கை தானாக வயிற்றைத் தட்டியது. பின்வரிசையில் இன்னும் பெரிய சிரிப்பு. அடுத்தது மேஸ்திரி. தோளில் துண்டு போடவேண்டிய கை மேலே போய், சுண்டுவிரல் இடது புருவத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தது.

பின்வரிசை கைதட்டிச் சிரித்தது, நம் ஆளைக் கண்டுகொண்ட சந்தோஷத்தில். மண்டபத்தில் மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேஸ்திரியாகத் தில்ஷாத் பட்டனில் வைக்கத் துணியைச் சுருட்டினாள். கட்டினாள். நகர்ந்தாள். சிரிப்பு நின்றுபோனது.

தில்ஷாத் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மயக்கம் என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் அந்த அமைதியும் தெரிந்தது. அப்படி ஓர் அமைதி இனி வாழ்நாளில் தனக்குக் கிடைக்காது என்று அவள் உடம்பு சொன்னது. விசாரணைக் காட்சியை அவள் வேகமாக முடிக்கவில்லை. நிதானமாகச் செய்தாள். கணக்குப் போட்டுத்தான் சொன்னேன் என்ற வரியை, மாதேஸ்வரி திருத்திக் கொடுத்த வரியை, மாதேஸ்வரியின் இழுப்போடு சொன்னாள்.

கைதட்டல் அடங்கி விளக்கைப் போட்டபோதுதான் பக்கவரிசையைப் பார்த்தாள். அங்கே மாதேஸ்வரி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் நிர்மலா. நிர்மலாவை மாதேஸ்வரியே ஆட்டோ வைத்து அழைத்து வந்திருக்கிறாள். நாடகத்தைப் பார்க்கட்டும், முடிந்து பஸ் ஸ்டாண்டுவரை நடக்கும்போது, அந்தப் பட்டறைக் கதை என்னுடையதுதான் என்று சொல்லிவிடலாம் என்று எண்ணியிருக்கிறாள். நாடகம் முழுக்க நிர்மலாவின் விரல் இல்லாத கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்திருந்திருக்கிறாள். நிர்மலா அந்தக் கையை மெல்ல உருவி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டதைத் தில்ஷாத் மேடையில் நின்றபடி பார்த்தாள். பிரியதர்ஷினி வந்து தோளைத் தொட்டு, கும்பிடுங்கள், எல்லோரும் நிற்கிறார்கள் என்றாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு இருவரும் நடந்தேதான் போயிருக்கிறார்கள். நிர்மலா கத்தவில்லை, அழவில்லை. பஸ் ஏறும்போது மட்டும், “ஏனக்கா, என் தலைய வாரும்போதெல்லாம் நீங்க என்ன நெனச்சிட்டிருந்தீங்க?” என்று கேட்டாளாம். மாதேஸ்வரி பதில் யோசிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை கம்பெனி கேட்டில் மாதேஸ்வரியின் பாஸ் வேலை செய்யவில்லை. பின்வரிசைப் பெண்களில் யார் போய்ச் சொன்னது என்று கேட்டுப் பயனில்லை, அவ்வளவு பேர் பார்த்த விஷயம் வாசலைத் தாண்டாமல் இருக்குமா? கான்ட்ராக்ட் ஆளை நிறுத்தக் காரணம் சொல்லவேண்டியதில்லை. சூப்பர்வைசர் தொப்பையோடும் வேலையோடும் அங்கேயேதான் இருக்கிறான்.

மாதேஸ்வரி நிர்மலா வீட்டுக்குப் போனாள். எங்கே வேண்டுமானாலும் வந்து உண்மையைச் சொல்கிறேன் என்று வாசலில் நின்று சொன்னாள். நிர்மலாவின் அம்மா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, நாங்களும் தெரிந்த ஆளிடம் கேட்டோம், லைன் லீடராக இருந்தபோது நீ சொல்லியிருந்தால் அது சாட்சி, இப்போது சொன்னால் வேலை போன கடுப்பில் சொல்கிறாள் என்றுதான் கம்பெனி சொல்லும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். ஆக, அந்த உண்மை வெளியே வந்ததில் நிர்மலாவுக்கும் ஒரு காசுக்குப் பிரயோஜனமில்லை. குழம்பும் பின்னலுமாக ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருந்தது, அதுவும் போனது.

செவிமடுவில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். அங்கே எது நடந்தாலும் வட்டமாகத்தான் உட்காருவார்கள். பிரியதர்ஷினி உண்மையாகவே கலங்கிப்போயிருந்தாள், ஒத்திகைக்கு அவர்களைக் கூட்டிவராமல் விட்டது என் தப்பும்தான் என்றாள். மாதேஸ்வரியைப் பார்க்க இரண்டு தடவை போனாள், வீடு பூட்டியிருந்தது. இது நமக்கு ஒரு பாடம், இனி சேருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தில்ஷாத்துக்கு எப்படி இருக்கிறது என்று சுற்றியிருந்தவர்கள் கேட்டார்கள். அவளை எவ்வளவோ நேரம் பேசவிட்டு, உச்சுக்கொட்டாமல் கேட்டார்கள். யாரோ ஒருத்தி அதை அழகாகத் திருப்பியும் சொன்னாள். வெளியே வந்தபோது தில்ஷாத்துக்கு மனசு லேசாக இருந்தது. அந்த லேசைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அடுத்த மாத நிகழ்ச்சிக்கு, நன்கொடை கொடுத்த கம்பெனிக்காரர்கள் ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். யாரையும் கேட்கவில்லை, இருந்த போட்டோக்களில் நன்றாக இருந்ததை எடுத்துக்கொண்டார்கள். சிப்காட் போகிற ரோட்டில், கம்பெனி பஸ்கள் திரும்புகிற இடத்தில் ஆளுயரத்துக்குத் தில்ஷாத், புருவத்தில் விரல் வைத்தபடி. அவள் போன் செய்து அழுது, பிரியதர்ஷினி சண்டை போட்டு, அதைக் கழற்றுவதற்குள் எல்லா ஷிப்டும் அந்த வழியாகப் போய் வந்துவிட்டது. நூர் முகமது அதைப் பார்த்துவிட்டு வந்து, அந்தப் பொம்பள உன்ன நம்பித்தானே சொல்லுச்சு என்று மட்டும் கேட்டான். பிறகு பெட்டி கட்டப் போய்விட்டான்.

மாதேஸ்வரி ஓசூரை விட்டுப் போகிறாள், அஞ்செட்டிப் பக்கம் அண்ணன் வீட்டுக்கு என்று கேள்விப்பட்டுத் தில்ஷாத் ஓடினாள். மத்தியான நேரம். லைன் வீட்டில் ஒவ்வொரு கதவிலும் ஒரு தலை தெரிந்தது. மாதேஸ்வரி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தில்ஷாத் நிலைப்படியில் உட்கார்ந்து, வேண்டுமென்று செய்யவில்லை அக்கா, கை தானாகப் போய்விட்டது என்றாள். அதைச் சொல்லும்போதே அது முழு உண்மையில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மன்னித்துவிடு என்றாள்.

மாதேஸ்வரி கையை நிறுத்தவில்லை. ஒரு குண்டானைத் துணியில் சுற்றிச் சாக்கில் இறக்கினாள். பிறகு முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

“நானாப் போயி அவகிட்ட சொல்லியிருந்தன்னா, அது மன்னிப்புக் கேட்டதா இருந்திருக்கும் தில்சா. இப்ப மாட்டிக்கிட்டதா ஆயிடுச்சு. இனி நான் எத்தன வாட்டி போயி சொன்னாலும், மாட்டிக்கிட்டவ சொல்றதுதான்.”

தில்ஷாத்துக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. நடிப்பில்லை, உண்மையான அழுகை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே உள்ளே இன்னொன்று ஓடத் தொடங்கியிருந்தது. இது கடைசியில் வரவேண்டிய வரி. ‘மாட்டிக்கிட்டதா’ என்பதற்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்தவேண்டும். குண்டானைத் துணியில் சுற்றிக்கொண்டே சொல்லவேண்டும், முகத்தைப் பார்க்காமல், மாதேஸ்வரி இப்போது சொன்ன மாதிரியே. சீ என்று அதைத் தள்ளப் பார்த்தாள். அது போகவில்லை, ‘நானாப் போயி’ என்று முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தது.

மாதேஸ்வரி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்துக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு தடவை எல்லாவற்றையும் சொன்னவள்தானே, அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க அவளுக்கு நேரமாகவில்லை.

“இதயும் போடுவ இல்ல?” என்றாள்.

இல்லை அக்கா என்று சொல்லத் தில்ஷாத் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மாதேஸ்வரி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, குனிந்து சாக்கைக் கட்டத் தொடங்கினாள்.